பார்வையற்றோருக்குக் கதவடைப்பதா?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கங்கைகொண்டானில் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்பு நின்று கொண்டிருந்தோம். பிறவியிலேயே பார்வையிழந்த வாலிபர் ஒருவர், கைத்தடியுடன் நம்மைத் தேடி வந்தார். பட்டப்படிப்பு முடித்தவர். ஸலாம் சொல்லிவிட்டு நேராகவே கேட்டார்: "ஹஜ்ரத், உங்க பத்திரிகையை என் போன் படிக்க மாட்டேங்குதே, ஏன்?"

திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள் அவருடைய கைபேசியில் இருக்கிறது. அதைக் கொண்டு செய்தி படிக்கிறார், கடிதம் எழுதுகிறார், கணக்குப் பார்க்கிறார். நாம் இணையத்தில் ஏற்றியிருந்த நமது இதழை அவர் திறந்து, எழுத்தெழுத்தாக வாசிக்க விட்டார். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்றது போன். நாம் திகைத்தோம். 'தமிழ்' என்ற சொல்லைத்தான் அது அப்படி வாசித்தது! பழைய பாமினி எழுத்துருவில் கோர்த்த பக்கங்களை அப்படியே ஏற்றியதன் விளைவு இது. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடந்திருக்கிறது.

அவர் அத்துடன் நிறுத்தவில்லை. "எனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாது மௌத்தாயிட்டாங்க. ஜனாஸா அறிவிப்பை வாட்ஸ்அப்ல படமாத்தான் போட்டாங்க. என் போன் 'படம்'னு மட்டும் சொல்லிச்சு. அடக்கம் முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் நம்மை அதிகமாகச் சுட்டது.

சகோதரர்களே, சற்றே சிந்தியுங்கள்! அந்த அறிவிப்பைத் தயாரித்தவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அழகாக இருக்கட்டும் என்று பூ வேலைப்பாடு செய்து, எழுத்தையும் படத்திற்குள்ளேயே பதித்து அனுப்பினார். அதே செய்தியை இரண்டு வரி எழுத்தாகவும் சேர்த்து அனுப்பியிருந்தால், ஒரு மாணவர் தம் ஆசிரியரின் ஜனாஸாவில் நின்றிருப்பார். இரண்டே இரண்டு வரி!

இது ஒருவருடைய கதையல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் 50 லட்சத்திற்கும் மேல். தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இன்று அரசு வேலைக்கு விண்ணப்பமா? இணையம். வங்கிக் கணக்கா? இணையம். ரயில் டிக்கெட்டா, ஹஜ் விண்ணப்பமா? இணையம். மாற்றுத்திறனாளி என்பதற்கான அடையாள அட்டைக்கும் இணையத்தில்தான் மனுப் போட வேண்டியிருக்கிறது! அந்தத் தளங்களின் கதவு மூடியிருந்தால் இவர்கள் எங்கே போவார்கள்?

பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் வங்கிக் கணக்கின் ரகசியச் சொல்லைக் கொடுக்கிறார்கள். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணைப் பலர் காதில் விழச் சொல்கிறார்கள். அமானிதத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசும் நாம், தன் ரகசியத்தைத் தானே காத்துக் கொள்ளும் வாய்ப்பு ஒரு மனிதருக்கு மறுக்கப்படுவதைக் கண்டும் காணாமல் இருக்கலாமா?

இது இரக்கம் காட்டும் விஷயமல்ல; உரிமை. நாம் சொல்லவில்லை, நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் என்ற பெண்மணி வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றார். கேமரா முன் கண்ணைச் சிமிட்டினால்தான் உயிருள்ள ஆள் என்று ஏற்போம் என்றது கணினி முறை. ஆசிட் சிதைத்த கண்ணை எப்படிச் சிமிட்டுவது? அவர் வழக்குத் தொடர்ந்தார். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தனியே ஒரு மனுவுடன் வந்தார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். இணைய வசதிகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்றனர். கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி உட்பட 20 கட்டளைகளையும் பிறப்பித்தனர்.

அதற்கு முன்பே, 2005இல் ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைத் தந்தது. மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக் கூடாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும், மூன்று மாதத்திற்குள் அவற்றை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு மனிதர் இதற்காக 19 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது! அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009லேயே வந்துவிட்டன. ஆனாலும் ஸ்கேன் செய்த அரசாணைகளும், படத்தில் தெரியும் எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் புதிர்ப் பெட்டிகளும் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதிகார வர்க்கத்தின் இந்த மெத்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வியாபாரப் பெருமக்களே! இது அரசாங்கத்தின் பிரச்னை என்று நீங்கள் ஒதுங்கிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. மீறினால் முதல் முறை 10 ஆயிரம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

"செலவு அதிகமாகுமே" என்பது அடுத்த சாக்கு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் அமைப்பாளர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்களுடைய இணையதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர் புகார் செய்தார். படங்களுக்கு விளக்க வரி இல்லை என்பது அவரது முக்கியமான குறை. சரி செய்ய இருபது லட்சம் டாலருக்கும் மேல் ஆகும் என்றார்கள் அமைப்பாளர்கள். நிபுணர்களின் கணக்கோ அதைவிட வெகு குறைவாக இருந்தது. முடிவில் 20 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. வீடு கட்டும்போதே சாய்தளம் வைப்பது மலிவு. கட்டி முடித்த பின் இடித்து வைப்பதுதான் செலவு. இணையதளமும் அப்படித்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ராக்கெட் விடும் வேலையல்ல. ஒவ்வொரு படத்திற்கும் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள். விண்ணப்பக் கட்டங்களுக்குப் பெயர் கொடுங்கள். பெயரில்லாத கட்டத்தில் பெயரை எழுதுவதா, பின்கோடை எழுதுவதா என்று வாசிக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. மவுஸ் பிடிக்க முடியாத கை நடுக்கமுள்ளவர் கீபோர்டை மட்டும் கொண்டே எல்லாவற்றையும் முடிக்க வழி செய்யுங்கள். காது கேளாதவருக்காக வீடியோவின் கீழே பேச்சை எழுத்தாக ஓட விடுங்கள். "சிவப்புப் பொத்தானை அழுத்தவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு. தமிழை யூனிகோடில் எழுதுங்கள். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுவிட்டது.

வாலிபர்களே! நமது கங்கைகொண்டானிலேயே எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் பலர் கணினி படித்து வெளியே வருகிறீர்கள். மேலப்பாளையத்துக் கடைக்கும் பேட்டைக் கடைக்கும் இணையதளம் செய்து கொடுப்பவர்கள் நீங்கள்தான். இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் போனில் உள்ள வாசிக்கும் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் செய்த தளத்தில் ஒரு கைலி வாங்க முயலுங்கள். முடிகிறதா? கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதை உருவாக்கியவர்கள் பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள்! பிறகு பார்வையற்ற ஒருவரையே அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். குறைஷித் தலைவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்த நேரத்தில், மார்க்கம் அறிய வந்த பார்வையற்றவர் அவர். அந்த நேரத்து முகத்திருப்பலை முன்னிட்டே அல்லாஹ் ஒரு அத்தியாயத்தை இறக்கினான். பின்னாளில் அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபியவர்கள் பயணம் சென்றபோது ஊர்ப் பொறுப்பையும் ஏற்றார். அறிவு தேடி வந்த ஒரு பார்வையற்றவருக்கு முகம் கொடுப்பது இறைவனிடத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த வாலிபரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். மன்னிப்பு மட்டும் போதாது. இந்த இதழ் முதல் நமது பக்கங்கள் அனைத்தும் யூனிகோடில்தான் இணையத்தில் ஏறும். இயக்கத்தின் கிளைகள் அனுப்பும் எந்த அறிவிப்பும் எழுத்து வடிவம் சேராமல் படமாக மட்டும் போகக் கூடாது. ஜமாஅத் நிர்வாகிகளும் இதைப் பின்பற்றும்படி கேட்டுக் கொள்கிறோம். அடுத்த முறை ஜனாஸா அறிவிப்பு அனுப்பும்போது, அந்த இரண்டு வரியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்!