ஒலி எங்கே நின்றது?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, குன்னூர்ச் சாலைகளை மூடுபனி மறைத்திருந்த வேளையில், நம் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் சிறிய அலுமினியப் பெட்டி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். கித்தாரின் ஒலியைக் கரகரப்பாக மாற்றும் டிஸ்டார்ஷன் பெடல் அது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வசிக்கும் அவர், பேருந்தில் கோயம்புத்தூருக்கு இறங்கிச் சென்று பாகங்களை வாங்கி வந்து, பல இரவுகள் விழித்திருந்து தாமே சால்டர் செய்து அதை உருவாக்கியிருந்தார். ஆனால் அதிலிருந்து எழுந்ததோ நோயாளியின் முனகல் போன்ற மெலிந்த ஒலி. "எனக்குக் கைராசி இல்லை ஐயா. இனிமேல் இதைத் தொடமாட்டேன்" என்றார்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது என் மனம் கனத்தது. ஒலி வரவில்லை என்றதும் அவர் எல்லா இணைப்புகளையும் மூன்று முறை மீண்டும் சூடாக்கியிருந்தார். அந்தச் சூட்டில், பலகையில் ஒட்டியிருந்த செப்புத் தடம் இரண்டு இடங்களில் பெயர்ந்து எழும்பியிருந்தது. குற்றம் எங்கே என்று அறியாமல் அனைத்தையும் குற்றவாளியாக்கியதால், நன்றாயிருந்தவையும் கெடத் தொடங்கியிருந்தன.

இதைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பழுதைத் தேடாமல் பழி சுமத்துவது, அதைப் பிறர்மேல் சுமத்தினாலும் நம்மேலேயே சுமத்திக்கொண்டாலும், பழுதைப் பெருக்குமேயன்றி நீக்காது.

தெளிவாக ஒலிக்கும் கித்தாரைக் கரகரப்பாக்க ஏன் இத்தனை பாடு என்று நம்மில் மூத்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஒலி பரவலானதிலேயே ஒரு பழுதின் கதை உண்டு. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' என்னும் பாடலை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கித்தாரின் ஒலி கரகரத்தது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்நாடி அந்த ஒலி எப்படிப் பிறந்தது என்று ஆராய்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே ஒலியைத் தரும் சுற்று ஒன்றை வடிவமைத்தார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எனவே அன்று மாலை நாங்களும் ஆராய அமர்ந்தோம். செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

முதலில் மின்சாரம். பேட்டரி 9 வோல்ட் தருகிறதா என்று மல்டிமீட்டரால் அளந்தோம். இத்தகைய பெடல்கள் பலவற்றில் கித்தார் வயரைச் செருகும் ஜாக்கே பேட்டரியின் சுவிட்சாகவும் இயங்கும். அங்கே ஒரு வயர் தவறினால் பெட்டி முழுவதும் உயிரற்றுக் கிடக்கும். அது சரியாகவே இருந்தது.

அடுத்ததாகக் கண். பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தோம். ஈயம் பளபளப்பாகப் பரவி, பாகத்தின் காலைத் தழுவி நின்றால் நல்லது. மங்கி, உருண்டையாகத் திரண்டிருந்தால் ஐயப்பட வேண்டும். அடுத்தடுத்த இரு தடங்களை ஈயத்துளி இணைத்துவிட்டதா, கெபாசிட்டரின் நேர்முனையும் எதிர்முனையும் மாறியுள்ளனவா, டையோடுகளின் கோடு உரிய பக்கத்தில் உள்ளதா என்றும் பார்த்தோம். குறை எதுவும் இல்லை.

பின்பு ஒலியைப் பின்தொடர்ந்தோம். ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் வயரின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை இணைத்து, கித்தாரை ஒருவர் மீட்டிக்கொண்டிருக்க, சுற்றின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனோம். டிரான்சிஸ்டரின் பேஸ் வரையில் ஒலி தெளிவாக வந்தது. கலெக்டர் இருக்கவேண்டிய இடத்தில், பெருகியிருக்க வேண்டிய ஒலி குன்றிப்போயிருந்தது. ஒலி நின்ற இடம் அகப்பட்டது.

டிரான்சிஸ்டர் கெட்டிருக்கவில்லை, அவருடைய சால்டரிங்கிலும் குறையில்லை. வரைபடத்தில் குறித்திருந்தது 2என் 3904. அவர் வாங்கிப் பொருத்தியது பிசி 547. இச்சுற்றில் ஒன்றின் பணியை மற்றது செய்யும். ஆயினும், தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்கக் கால்கள் கீழே இருந்தால், முன்னதில் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். குறை கைராசியில் இல்லை, கால் வரிசையில் இருந்தது! டிரான்சிஸ்டரைக் கழற்றித் திருப்பி வைத்தோம்; பெயர்ந்த தடங்களின்மேல் மெல்லிய வயரை வைத்து இணைத்தோம். பெடல் பேசியது.

நம் மலையிலேயே இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. உதகைக்கு அருகே முத்தோரையில், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் வானத்தின் மெல்லிய ஒலிகளைக் கேட்டு வருகிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அதில், வரிசையாக 1056 டைபோல்கள் சமிக்ஞைகளை ஏந்துகின்றன. அவற்றுள் ஒன்று மௌனமானால், எது என்று தேடுவதே வழி; ஒன்றுக்காக அனைத்தையும் பிரித்துப்போடுவார் உண்டோ?

ஆனால் நாம் நம் இல்லங்களில் என்ன செய்கிறோம்? ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், "நீ உருப்படவே மாட்டாய்" என்கிறோம். பாடகர் குழுவில் ஒரு பாட்டு பிசகினால், குழுவே சரியில்லை என்கிறோம். மனவருத்தத்தால் ஆராதனைக்கு வராத ஒருவரை, விசுவாசமில்லாதவர் என்று முடிவுகட்டுகிறோம். எந்தப் புள்ளிவரையில் எல்லாம் நன்றாயிருந்தது என்று கேட்க நமக்குப் பொறுமை இல்லை. காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் வீட்டை இடிக்கவில்லை; விளக்கைக் கொளுத்தினாள், பெருக்கினாள், தேடினாள்.

சில வேளைகளில் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது என்று அறிந்தபின் மாற்றுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லையேல் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் விளங்காது.

பெரியோர்களே, உங்கள் வீட்டில் ஓர் இளைஞர் தாம் செய்த பொருளோடு தோற்றுப்போய் வந்து நின்றால், "கடையில் வாங்கியிருக்கலாமே" என்று சொல்லாதீர்கள். "எதுவரை ஒலி வருகிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் அருகில் அமருங்கள். விளக்கைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் தேடுவது எளிது.

அந்த இளைஞர் இப்போது இரண்டாவது பெடலைச் செய்துகொண்டிருக்கிறார். இம்முறை, சூட்டுக்கோலை எடுக்குமுன் கால்களின் வரிசையைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறார்.