சிவப்பு எழுத்தை வாசிக்கக் கற்றுக் கொடுப்போம்

கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை பக்கத்துப் பெற்றோர்களே, பழைய மாணவர்களே, சக ஆசிரியர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

ராஸ்பெரி பை, ஆர்டுயினோ போன்ற சின்ன போர்ட்களை வைத்து மலையகப் பிள்ளைகள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பொருள் எது என்று கேட்டால், தானியங்கி மழைமானி என்பேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை நாம் மறக்க முடியாது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள், 100 என்றால் வெளியேறத் தயாராகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்து மணி அடிக்கும் ஒரு மாதிரிக் கருவியை உயர்தர மாணவர்கள் செய்யலாம். அது நிறுவனத்தின் எச்சரிக்கைக்குப் பதிலாகாது. ஆனால் மழையை அளந்து பார்க்கும் பழக்கம் தோட்டத்துக்குள் வரும்.

பிறகு ஏன் பல பிள்ளைகள் பாதியில் விடுகிறார்கள்? மழைமானியின் வாளியிலோ வயரிலோ பிரச்சினை வந்தால் பார்த்துச் சரி செய்து விடுகிறார்கள். லெப்டொப்பில் எழுதிய நிரலை போர்ட்டுக்காகத் தொகுக்கும்போது திரையில் வரும் லைப்ரரி இணைப்புப் பிழையில்தான் நின்று போகிறார்கள். "சேர், கோட் பிழை, எனக்கு வராது" என்று சொல்லி விடுகிறார்கள். பல நேரம் கோட்டில் பிழையே இருக்காது.

விஷயம் இதுதான். ஆர்டுயினோ ஊனோவின் நினைவகம் 32 கிலோபைட். கொம்பைலரை அதற்குள் வைக்கவே முடியாது. ராஸ்பெரி பையில் வைக்கலாம், ஆனால் பெரிய நிரல் என்றால் மிக மெதுவாக ஓடும். அதனால் லெப்டொப்பில் வைத்து, வேறொரு செயலிக்காகத் தொகுக்கிறோம். இதைத்தான் க்ரொஸ் கொம்பைல் என்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் நம் நிரலையும், ஏற்கனவே யாரோ எழுதி வைத்த லைப்ரரிகளையும் லிங்கர் ஒன்றாகக் கோர்க்கும்.

நானுஓயாவில் ஒரு காலத்தில் இரண்டு ரயில் பாதைகள் சந்தித்தன. நம் கொட்டகலை வழியாக வரும் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன பாதை 2 அடி 6 அங்குலம். இரண்டும் ரயில்தான், ஆனால் அதன் பெட்டியை இதில் கோர்த்து ஓட்ட முடியாது. லெப்டொப்பின் லைப்ரரியும் போர்ட்டின் லைப்ரரியும் அப்படித்தான். பெயர் ஒன்று, பாதை வேறு.

பிள்ளைகளைப் பயமுறுத்தும் செய்திகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, "லைப்ரரியைக் காணவில்லை" என்பது. அதற்கு மேல் வரியில் "ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், லிங்கர் ஒரு லைப்ரரியைக் கண்டது, பாதை பொருந்தாததால் விட்டு விட்டது என்று அர்த்தம். லெப்டொப்பில் அதே லைப்ரரியைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை. போர்ட்டில் உள்ள லைப்ரரி, ஹெடர் கோப்புறைகளை லெப்டொப்பில் ஒரு தனி இடத்துக்குப் பிரதி செய்து, அதையே சிஸ்ரூட் என்று கொம்பைலருக்குக் காட்ட வேண்டும். ராஸ்பெரி பை 3இல் 64 பிட் செயலி இருந்தாலும், மெமரி கார்டில் 32 பிட் இயங்குதளம் இருந்தால் லைப்ரரிகளும் 32 பிட்தான். "ஃபைல்" என்ற கட்டளை ஒரு கோப்பு எந்தச் செயலிக்கானது என்று ஒரே வரியில் சொல்லி விடும்.

இரண்டாவது, "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்". கூப்பிட்ட ஃபங்ஷன் எந்தப் பெட்டியிலும் இல்லை என்று பொருள். லைப்ரரியின் பெயரைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம், அல்லது வரிசை மாறியிருக்கலாம். லிங்கர் இடமிருந்து வலமாக வாசிக்கும். தேவைப்படும் கோப்பு முன்னால், கொடுக்கும் லைப்ரரி பின்னால் வர வேண்டும்.

மூன்றாவது, லெப்டொப்பில் எல்லாம் சரியாக முடிந்து, போர்ட்டில் ஓட்டும்போது "ஜீலிப்சி இந்தப் பதிப்பு இல்லை" என்று வருவது. உபுந்து 22.04இல் இருப்பது ஜீலிப்சி 2.35. டெபியன் 11 போட்ட போர்ட்டில் இருப்பது 2.31. புதியதோடு கோர்த்தது பழையதில் ஓடாமல் போகலாம். மருந்து மேலே சொன்னதுதான்: போர்ட்டின் சொந்த லைப்ரரிகளோடு கோர்ப்பது.

இதற்கு டியூசன் தேவையில்லை. வாசிக்கும் பழக்கம் தேவை. நாம் என்ன செய்கிறோம்? இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டச் சொல்கிறோம். வேலை செய்தால் பிள்ளைக்கு ஏன் என்று தெரியாது, செய்யாவிட்டால் தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக் கொள்கிறது. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கஷ்டம்" என்ற பேச்சை வேறு கேட்டு வளரும் பிள்ளை அது. ஆங்கிலத்தில் வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தமிழில் விளக்காமல் விட்டது நாம். தோற்றுப் போனதாக நினைப்பது பிள்ளை. இது நியாயமில்லை.

"போர்ட்டிலேயே தொகுத்தால் போதுமே, பைதனில் எழுதினால் போதுமே" என்று சிலர் சொல்வார்கள். சின்ன வேலைக்கு அது சரிதான், நானும் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஆனால் இந்தத் துறையில் தொழில் தேடும் பிள்ளை ஒரு நாள் லிங்கரின் முன்னால் நிற்கத்தான் வேண்டும். அந்த நாள் பாடசாலையிலேயே வரட்டும், பக்கத்தில் ஆசிரியர் இருக்கும்போதே வரட்டும்.

என் வேண்டுகோள் மூன்று. போர்ட் அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர்களே, ஒரே வகையைக் கொடுங்கள், ஒரே இயங்குதளப் பதிப்புப் போட்ட மெமரி கார்டோடு கொடுங்கள். ஐந்து வகை போர்ட் வந்தால் ஐந்து வகைப் பிழையும் வரும். ஆசிரியர்களே, பிழைச் செய்திகளுக்குத் தமிழ் விளக்கம் எழுதிக் கணினி அறைச் சுவரில் ஒட்டுங்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் தம்பி தங்கைகள் இதைக் கையில் எடுத்தால் மலையகம் முழுவதும் போய்ச் சேரும். பெற்றோர்களே, பிள்ளை இரண்டு மணி நேரம் திரையை முறைத்துக் கொண்டிருந்தால் ஏசாதீர்கள். "அதில் என்ன எழுதியிருக்கிறது, எனக்கு வாசித்துச் சொல்" என்று கேளுங்கள். வாசித்துச் சொல்லும்போதே பாதி விடை கிடைத்து விடும்.