போல் டான்ஸ்: வீட்டில் எப்படிச் சொல்வது?

பூச்சோங் – பொழுதுபோக்காக போல் டான்ஸ் பழகும் நம் பெண்ணுக்கு, கம்பத்தில் ஏறுவதைவிட வீட்டில் அதைச் சொல்வதுதான் கடினம். ரப்பர் தோட்டங்கள் போய் நகரமாகிவிட்ட பூச்சோங்கிலும் தோட்டத்துப் பேச்சு போகவில்லை. விஷயம் கோயில் திருவிழா வரை போய்விடும். "ஜிம்முக்குப் போகிறேன்" என்பது வசதியான பதில்.

"இது நம் மல்லர் கம்பம்தான்" என்றும் சமாளிக்கலாம். விழுப்புரத்துப் பிள்ளைகள் பழகும் அக்கலை 2022இல் கேலோ இந்தியா இளையோர் போட்டியிலும் இடம்பெற்றது. பிடியும் தோள்வலுவும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறப்பு வேறு. அது மல்யுத்த வீரர்களின் பயிற்சி. இது இரவு விடுதிகளில் வளர்ந்தது. அதை மறைப்பானேன்? 2017இல் அனைத்துலக விளையாட்டுச் சம்மேளனங்களின் கூட்டமைப்பு கம்ப விளையாட்டுக்குப் பார்வையாளர் தகுதி வழங்கியதையும் சேர்த்துச் சொல்லலாமே.

பரதமும் இந்த வழியாக வந்ததுதான். இழிவாகப் பேசப்பட்ட சதிர், 1930களில் பரதநாட்டியம் ஆனது. இன்று பிரிக்பீல்ட்ஸில் பெற்றோரே பிள்ளைகளை வகுப்பில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால், மரியாதை ஆட்டத்துக்குத்தான் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த தேவதாசிப் பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள். பெயரை மாற்றிச் சொல்வதில் இந்தச் சிக்கல் உண்டு.

எப்படியும் தொடையில் கன்றிப்போன இடத்தை அம்மா ஒருநாள் பார்த்துவிடுவார். அதற்கு முன்பே அவரை வகுப்புக்கு அழைத்துப்போய் ஓரமாக உட்காரவைத்துவிட்டால், பாதி பேச்சு மிச்சம்.