கடல் கடந்த அம்மையப்பர்

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோயில் அமைந்துள்ளது. அக்கோயிலின் கற்சிலையான அர்த்தநாரீசுவரர் களவுபோய், நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரின் கடை வழியாக, 2004இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தை அடைந்தது. பன்னாட்டுச் சட்டத்தின் அடிப்படைகளைக் கற்க விரும்பும் மாணவர், ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்புகளை மனனம் செய்வதற்கு முன்னர் இந்நிகழ்வைப் பயில வேண்டும் என்பது என் கருத்து.

சிட்னிக்குச் சென்று சிலையைக் கைப்பற்றத் தமிழகக் காவல்துறைக்கு அதிகாரமில்லை. ஒரு நாட்டின் எல்லைக்குள் பிறிதொரு நாட்டின் ஆணை செல்லாது. நாடுகள் தாமே இசைந்து ஏற்ற உடன்படிக்கையே அங்குத் துணைசெய்யும். பண்பாட்டுச் சொத்துகளின் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவாயிற்று. இந்தியா 1977இலும் ஆஸ்திரேலியா 1989இலும் அதனை ஏற்றன. ஏற்றால் மட்டும் போதாது. நடைமுறைப்படுத்த உள்நாட்டுச் சட்டமும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளித்தது.

உடன்படிக்கைகள் பொதுவாக அவற்றுக்கு முன் நடந்தவற்றுக்குப் பொருந்தா. இச்சிலை 1970இலேயே டெல்லியில் விற்கப்பட்டதாக ஒரு பற்றுச்சீட்டு காட்டப்பட்டது. அவ்வாண்டு தற்செயலாக எழுதப்பட்டதன்று என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆனால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1974ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் அதே சிலை கோயிலில் காட்சியளிக்கிறது. சீட்டின் பொய் வெளிப்பட்டது. 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், ஸ்ரீபுரந்தான் நடராசருடன் இச்சிலையையும் புதுடெல்லியில் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார்.

தண்டிக்கக் காவலர் இல்லாத சட்டமும் சட்டமாகுமா என மாணவர் வினவுவர். நியாயமான வினாவே. களவுப்பொருளை வைத்திருக்கும் நாடு என்னும் பெயரை எந்த அரசும் விரும்புவதில்லை. நாளை தன் பொருள் களவுபோனால் தானும் பிறரிடம் கேட்க நேரும் என்பதை ஒவ்வோர் அரசும் அறியும். எனினும், கேட்பவர் கையில் சான்று இருத்தல் வேண்டும். பாதுகாக்க வேண்டிய பொருள்களின் பட்டியலைப் பேணுமாறு அவ்வுடன்படிக்கையின் 5ஆம் பிரிவு கூறுகிறது. இழந்தவர் மீதும் சட்டம் கடமை சுமத்துகிறது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். விருத்தாசலத்துக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தின் படம் கைகொடுத்தது. படமே எடுக்கப்படாத சிற்றூர்க் கோயில்களுக்கு எது கைகொடுக்கும்? கோயில் நிருவாகத்தின் இசைவுடன் ஊர்ச் சிலைகளை அளந்து, படமெடுத்து, நாள் குறித்துப் பதிவுசெய்வதை மேல்நிலை வகுப்புகளின் செயல்திட்டமாக வைக்கலாம்.