வண்டி எங்கே?

தோழனே!

பொதுக்கூட்டம் முடிந்த மறுநாள் விடியலிலே திடலுக்குப் போய்ப் பார்த்ததுண்டா? மேடை இல்லை, மாலை இல்லை, கையொலி இல்லை. மூலையிலே புகை மட்டும் உண்டு! நேற்றுவரை தலைவரின் திருமுகம் தாங்கி நின்ற பிளெக்ஸ் பதாகையும், தோரணமும், தேநீர்க் கோப்பைகளும் ஒன்றாய்க் கூட்டி எரிக்கப்படுகின்றன. எரித்தவர் துப்புரவுத் தொழிலாளி. எரிக்க வைத்தவர் யார்? அள்ளிச் செல்ல வண்டி அனுப்பாதவரும், அள்ளமாட்டாத அளவு குவித்துவிட்டு வீட்டிலே உறங்கச் சென்றவருமன்றோ!

குப்பைதானே, எரிந்தால் தொலைந்தது என்பர். தொலைவதில்லை! பிளெக்ஸ் வெறுந்துணியன்று, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பூசியது. அதிலே குளோரின் இருக்கிறது. அரைகுறையாய் எரியும் தீயிலே அது டையாக்சின் எனும் நஞ்சாகிறது. 1976இல் இத்தாலியின் செவெசோவிலே மக்களை வீடுவாசல் விட்டு வெளியேற்றிய நஞ்சு அது! புகையாய் எழுந்து, சாம்பலாய் இறங்கி, புல்லிலே படிந்து, பசுவின் பாற்கொழுப்பிலே குடியேறுகிறது. மேடைக் கற்பனை என்று எண்ணாதே. இந்தியக் குப்பைமேட்டருகே வாழ்ந்த தாய்மாரின் பாலிலும், அங்கே கறந்த மாட்டுப்பாலிலும் டையாக்சின் மிகுந்திருந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். தாய்ப்பாலிலே, தோழனே!

காற்றும் மழையும் வரட்டுமென்று வானை நோக்கித் திறந்த முற்றம் வைத்தது செட்டிநாட்டு வீடு. மழைநீரைத் தேக்கி ஊருணி கண்டது செட்டிநாட்டு ஊர். முற்றத்திலே நச்சுப்புகை இறங்கவும், ஊருணியிலே சாம்பல் மிதக்கவுமா கட்டினார்கள்? 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை மடியிலே வைத்திருக்கும் காரைக்குடிக்கு, குளோரின் என்ன செய்யுமென்று எவர் வந்து சொல்ல வேண்டும்? 1928இல் நகராட்சி, 2024இல் மாநகராட்சி. பெயர் வளர்ந்தது, வண்டியும் வளர்ந்ததா என்று கேட்க உனக்கு உரிமை உண்டு.

தடை இல்லாமலில்லை. திறந்தவெளியிலே குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அந்த அபராதச் சீட்டைத் துடைப்பம் பிடித்த கையிலே திணிப்பதானால், அதனை எதிர்த்து முதற்குரல் நம்முடையதாகட்டும்.

ஆனால் எதிர்க்கும் வாய் சுத்தமாயிருக்க வேண்டாமா? அடுத்த கூட்டத்துக்குத் துணியிலே எழுதச் சொல். தேநீரைக் கண்ணாடித் தம்ளரிலே கொடு. மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதும் செலவுக் கணக்கிலே குப்பை வண்டிக்கும் ஒரு வரி எழுது. கூட்டம் கலைந்தபின் கொடிக்கம்பம் பிடுங்குவோரோடு பத்துப்பேர் சாக்குடன் நில்லுங்கள். மறுநாள் மாநகராட்சி வாயிலிலே கேட்போம்: "மக்குவது ஒருபுறம், மக்காதது ஒருபுறம், பிரித்துக் கட்டி வைத்திருக்கிறோம். உங்கள் வண்டி எங்கே?"