அச்சத்தை வென்றவன் ஆள் பிடித்த கதை



போர்த்துக்கல் நாட்டின் தலைநகராம் லிஸ்பனிலே, ஆற்றங்கரை ஓரத்திலே, கப்பலின் முகப்பினைப் போல நிமிர்ந்து நிற்கிறது ஒரு கற்சின்னம். உயரம் 56 மீட்டர். முனையிலே, கையில் சிறு கப்பலொன்றை ஏந்தி நிற்பவர் இளவரசர் ஹென்றி. அவர் பின்னே மாலுமிகள், மன்னர், மதகுருமார், ஓவியர், புலவர் என்று முப்பத்திரண்டு பேர் அணிவகுத்து நிற்கின்றனர். 'கண்டுபிடிப்புகளின் நினைவுச் சின்னம்' என்று அதற்குப் பெயர். கண்டுபிடித்தவர்கள் நிற்கிறார்கள், சரி. கட்டியிழுத்து வரப்பட்டவர்கள் எங்கே? தேடிப் பாருங்கள், ஒருவர்கூட இல்லை!

அந்த வரிசையிலே நிற்பவருள் ஒருவனை இன்று உங்கள் முன்னே அழைத்து வருகிறேன். பெயர் ஜில் இயானஸ். ஊர் லாகோஸ், போர்த்துக்கல்லின் தென்கோடித் துறைமுகம். இளவரசர் ஹென்றியின் பணியாள். நாடகம் எழுதுகிறவன் நான். இவன் வாழ்க்கையிலே இரண்டே இரண்டு காட்சிகளைக் காட்டுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

முதற் காட்சி. ஆண்டு 1434.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலே, சகாராப் பாலை கடலைத் தொடும் இடத்திலே, பொஜடோர் என்றொரு முனை. அதற்கப்பால் எவரும் போனதில்லை. போனவர் மீண்டதில்லை என்பது அக்காலத்து மாலுமிகளின் பேச்சு. அங்கே ஆளில்லை, மரமில்லை, நீரில்லை, பச்சைப் புல்லும் இல்லை. கரையை விட்டு மூன்று நான்கு கல் விலகினாலும் கடல் ஒரு பாகம் ஆழந்தான். நீரோட்டமோ, முனை கடந்த கப்பலைத் திரும்ப விடாது! இப்படிக் கதைத்தனர், கலங்கினர், கப்பலைத் திருப்பினர். பன்னிரண்டு ஆண்டுகள் ஹென்றி ஆளனுப்பினார், பலனில்லை. ஜில் இயானசே 1433இல் புறப்பட்டு, அதே அச்சம் பற்றிக்கொள்ள, கானரித் தீவுகளோடு திரும்பி வந்தவன்தான்.

மறு ஆண்டு மீண்டும் போனான். முனையைக் கடந்தான். கடல் கொதிக்கவில்லை! கப்பல் கவிழவில்லை! அமைதியான நீர்; ஆளரவமற்ற கரை. இறங்கினான், மணலிலே முளைத்திருந்த செடிகளைப் பறித்து வந்து, "இதோ, அங்கேயும் உயிர் உண்டு" என்று காட்டுவதுபோல இளவரசர் கையிலே கொடுத்தான். புனித மரியாளின் ரோசா என்று தன் நாட்டார் அழைக்கும் செடி அது.

கைதட்டத் தோன்றுகிறதல்லவா? தட்டுங்கள், நானும் தட்டுகிறேன். நூற்றாண்டுக் கணக்கில் ஏட்டிலும் நாவிலும் வளர்ந்த அச்சத்தை, ஏட்டால் அல்ல, நாவால் அல்ல, நேரே போய்ப் பார்த்து உடைத்தவன் அவன். போய்ப் பார்த்தாலன்றி நம்பேன் என்பது பகுத்தறிவின் முதற் பாடம். அந்தப் பாடத்தை ஒரு சாதாரண மாலுமி உலகுக்குச் சொன்னான். அவனை அனுப்பிய இளவரசரோ, 'கடலோடி ஹென்றி' என்று புகழப்படும் அந்தப் பெருமகனோ, மொராக்கோவின் வடகரைக்கு அப்பால் கடலோடியதே இல்லை! பட்டமும் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் பரப்பியது. அலையிலே அலைந்தவன் ஒருவன். அடைமொழி பெற்றவன் இன்னொருவன்!

திரை விழட்டும். மீண்டும் எழட்டும்.

இரண்டாம் காட்சி. ஆண்டு 1444.

லாகோசிலிருந்து ஆறு கப்பல்கள் புறப்படுகின்றன. தலைவன் லான்சரோட்டே, துறைமுகத்தில் அரசனுக்கு வரி தண்டும் அலுவலன். கப்பலொன்றிலே, பொஜடோரைக் கடந்த அதே ஜில் இயானஸ்! இப்போது செடி பறிக்கப் போகவில்லை. இன்றைய மொரிட்டானியாவின் கரையோரத் தீவுகளிலே மீன் பிடித்து வாழ்ந்த எளிய மக்களின் குடிசைகள் மீது, விடியும் வேளையிலே பாய்ந்தனர். புனிதர்களின் பெயரைக் கூவிக்கொண்டே பாய்ந்தனர்! சிலர் நீரிலே மூழ்கி மாண்டனர். சிலர் குடிசைக்குள் ஒளிந்தனர். தாய்மார் குழந்தைகளைக் கடற்பாசிக்குள்ளே புதைத்து மறைத்தனர். இதை எழுதி வைத்தவன் எதிரியல்லன். போர்த்துக்கல் அரசவையின் வரலாற்று ஆசிரியன் சுராரா.

ஆகஸ்டு 8ஆம் நாள். லாகோசுக்கு வெளியே திறந்த வெளி. 235 மனிதர்கள் நிறுத்தப்பட்டனர். பங்கு பிரித்தனர்! தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். பிள்ளையை மார்போடு அணைத்துத் தரையிலே குப்புற விழுந்தாள் தாய்; அடி விழுந்தாலும் விடவில்லை. குதிரை மீதமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் இளவரசர். ஐந்தில் ஒன்று அவர் பங்கு: 46 பேர். அவர்களின் ஆன்மா ஈடேறுமே என்று அகமகிழ்ந்தாராம்! ஆன்மாவைக் காக்க வந்தவருக்கு அதிலே ஐந்தில் ஒரு பங்கு எதற்கு? விண்ணுலகத்துக்கு வழிகாட்டியவர், வழிச்செலவுக்காக மனிதனையே எடுத்துக்கொண்டாரா?

"அக்காலத்து வழக்கம் அது, இக்காலத்துக் கண்ணால் பார்க்காதீர்" என்று அறிவுரை கூற வருவோர் உண்டு. அவர்களுக்குப் பதிலை நான் சொல்லவில்லை, சுராராவே சொல்கிறான். ஊராரும் சுற்றுப்புறத்தாரும் வேலையை நிறுத்திவிட்டு அங்கே திரண்டிருந்தனர். கண்டவர் கண்ணீர் விட்டனர். அந்த அழுகையாலும் ஆரவாரத்தாலும் பங்கு பிரித்தவர்களே குழம்பினர் என்று எழுதுகிறான். தானும் கலங்கியதாகவே எழுதுகிறான். ஆகவே மனச்சான்று அன்றும் இருந்தது! உழவனுக்கு இருந்தது, உழைப்பாளிக்கு இருந்தது, குதிரை மீது இருந்தவருக்குத்தான் இல்லாது போயிற்று. காலத்தின் மீது பழி போடாதீர்; காலம் அழுதது, அதிகாரம் அழவில்லை.

பிறகு நடந்தது என்ன? அநீதிக்கு ஆவணம் கிடைத்தது. 1452இலும் 1455இலும் போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலஸ் விடுத்த ஆணைகள், கிறித்தவரல்லாதாரை அடிமை கொள்ளவும் அவர் நிலத்தைக் கைக்கொள்ளவும் போர்த்துக்கல் மன்னனுக்கு உரிமை வழங்கின. அப்படிப்பட்ட 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' ஏற்கவில்லை என்று வத்திக்கான் அறிவித்த ஆண்டு 2023! இடையிலே, அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் என்பது ஆய்வாளர் கணக்கு. கரை காணாமலே மடிந்தோர் சுமார் 18 இலட்சம். அதே கடல்வழி தெற்கே நீண்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தது; 1619இல் யாழ்ப்பாணத் தமிழரசை வீழ்த்தியது. தொலைவிலே எங்கோ நடந்த கதை என்று நாம் தள்ளிவிட முடியுமா?

அந்தக் கற்சின்னம் நிலையாக எழுந்தது எப்போது தெரியுமா? 1960இல்; ஹென்றி மறைந்து 500 ஆண்டு நிறைந்ததென்று, சர்வாதிகாரி சலசாரின் ஆட்சியிலே. அங்கோலாவும் மொசாம்பிக்கும் அடிமைப்பட்டிருந்த நேரம். கல்லிலே பெருமை பேசினார்கள். மறு ஆண்டே அங்கோலா கிளர்ந்தது. 1974இல் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1975இல் அவ்விரு நாடுகளும் விடுதலை பெற்றன. கல் நின்றது, பேரரசு நிற்கவில்லை.

மண்ணும் வாய் திறந்தது! 2009இல், லாகோசிலே வாகனம் நிறுத்துமிடம் அமைக்கத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டிலே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. வீரனுக்குக் கற்சிலை, வீழ்த்தப்பட்டவனுக்குக் குப்பைமேடு. இதுதான் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லின் முழுப் பொருள். அந்தக் கரையிலே பிறந்து, வலைவீசி, பிள்ளை பெற்று வாழ்ந்தவர் இருக்க, நேற்று வந்தவன் எதைக் கண்டுபிடித்தான்?

ஜில் இயானசின் வீரத்தை நான் மறைக்கவில்லை. 1434இல் செடியைப் பறித்து வந்தவன் அவன். 1444இல் மனிதரைப் பறித்து வந்தவர்களோடு சென்றவனும் அவனே. இடையே பத்தே ஆண்டு. மூடநம்பிக்கையை உடைத்த கைதான், பிறர் கையிலே கயிற்றைக் கட்டியது. பகுத்தறிவு பேசும் நாம் நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இதுதான்: அச்சத்தை ஒழித்தால் மட்டும் போதாது, எதிரே நிற்பவனும் நம்மைப் போல் மனிதன் என்ற எண்ணம் உடன் வரவேண்டும். அது வராத அறிவு, ஆள்பவன் கையிலே இன்னொரு ஆயுதம்.

பொஜடோர் முனையிலே பேய் இல்லை என்று கண்டு வந்தான் ஜில் இயானஸ். உண்மைதான், அங்கே இல்லை. அது லாகோசின் திறந்த வெளியிலே, குதிரை மீது அமர்ந்திருந்தது!