ஓடுவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு

கருத்தரங்கு ஒன்றின் தேநீர் இடைவேளையில் என் மடிக்கணினித் திரையைக் கண்ட மூத்த ஆய்வாளர் ஒருவர், "உதவித்தொகை வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறீர்களா?" என்று கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன்; அது என் தவறு. அன்று சொல்லாமல் விட்ட மறுமொழி இது.

திரையில் இருந்தது 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'. பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் உருவாக்கத்தில் 1999 டிசம்பரில், விண்டோஸ் 95, 98 கணினிகளுக்காக வெளிவந்த, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. வாள்வீச்சைவிட வாசிப்பே அதில் மிகுதி. அதன் எழுத்துப் பகுதியை ஏறத்தாழ 8 இலட்சம் சொற்கள் என்பர். அந்நகரத்து மாந்தர் பேசும் கொச்சை, பழைய ஆங்கிலத் திருடர் வழக்கிலிருந்து எடுத்தாளப்பட்டது. குழூஉக்குறியை நன்னூலில் படித்துத் தேர்வெழுதிய நாம், ஒரு முழு நகரமே குழூஉக்குறியில் பேசும் பனுவலைக் கண்டால் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

என்னிடம் விண்டோஸ் இல்லை. இதில் கொள்கை வீரம் ஏதுமில்லை. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கேரளப் பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவந்தது. இடுக்கியில் தமிழ்வழியில் பயின்ற எனக்குக் கணினி என்றாலே அதுதான். ஆகவே, பழைய புத்தகக் கடையில் வாங்கிய நான்கு குறுவட்டுகளைச் சக்குபள்ளத்து வீட்டில் 'வைன்' வழியாக ஓட்ட முற்பட்டேன். 1993இல் தொடங்கி 2008இல்தான் 1.0 பதிப்பை எட்டிய மென்பொருள் அது. விண்டோஸ் நிரல் விடுக்கும் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித்தரும் துபாஷி எனலாம்.

முதல் இரவிலேயே விளையாட்டு ஓடியது. ஆனால் எப்படி? 640-க்கு 480 என்ற அளவுக்குத் திரை சுருங்கியது. வெளியேறிய பின்னும் மீளவில்லை. ஒலி திக்கியது. பாதியில் குறுவட்டை மாற்றச் சொல்லி நின்றது. இங்கே நிறுத்திக்கொண்டு "ஓடுகிறது" என்று அறிவிப்பவர் பலர். ஏடுகள் உதிர்ந்த சுவடியை முழுநூல் என்று அச்சிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வைனுக்குள் 32-பிட் சூழல் ஒன்றைத் தனியே அமைத்து, மெய்நிகர் மேசைத்திரையை இயக்கினேன்; பழைய டைரக்ட்டிரா அழைப்புகளை ஓப்பன்ஜிஎல்லாக மாற்றும் கோப்பை இட்டேன். எல்லாக் குறுவட்டுகளையும் வன்தட்டில் நகலெடுத்து, டார்மென்ட்.ஐஎன்ஐ கோப்பில் அவற்றின் இருப்பிடத்தைத் திருத்தினேன். மூன்று வாரம், அதில் மழையால் மின்சாரம் இல்லாத நாள்களும் அடக்கம்.

"விண்டோஸ் வாங்கினால் போயிற்று" என்பார்கள். போகாது. 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை ஏற்பதில்லை. அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றின் நிறுவிகள் அவ்வகையின. 2015இல் மைக்ரோசாப்ட், சேஃப்டிஸ்க் பூட்டுக்குரிய இயக்கியையும் முடக்கியது. அப்பூட்டுக் கொண்ட அசல் குறுவட்டுகள் அவற்றுக்கென்றே பிறந்த தளத்தில் அனாதையாயின. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்கிறது வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023ஆம் ஆண்டு ஆய்வு.

"இதற்கு 2017இல் புதுப்பதிப்பு வந்ததே, லினக்ஸுக்கும் இருக்கிறதே" என்பது கூர்மையான மறுப்பு. வந்தது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அது திருத்திய பதிப்பு. மூலபாடம் எதற்கு, திருத்திய பதிப்பே போதும் என்று எந்தப் பதிப்பியல் வகுப்பிலாவது சொல்லிப் பாருங்கள்!

சட்டம் குறித்து அஞ்சுவோருக்கு: நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலை முறைப்படி வைத்திருப்பவர் காப்பு நகல் எடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பிற நிரல்களோடு இணைந்தியங்கச் செய்ய இன்றியமையாத, வேறு வழியில் எளிதில் கிட்டாத தகவலைப் பெறுவதற்கும் இடமளிக்கிறது. திருட்டு விண்டோஸில் ஆய்வேடு தட்டச்சு செய்வோர் என்னிடம் அறம் பேசுவதுதான் வேடிக்கை.

இப்பயிற்சி வீணாகவும் இல்லை. கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வரும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வழக்குச் சொற்களை முன்பு ஒருவர் திரட்டிய குறுவட்டு என் கைக்கு வந்தது. விண்டோஸ் 98இல் ஓடிய நிரல், பாமினி எழுத்துரு. அதைத் திறக்க முடியாது என்று இரண்டு பேர் கைவிரித்திருந்தனர். அதே வைன் சூழலில் திறந்தது. ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்த பக்கங்கள், எழுத்துருவை உரிய கோப்புறையில் இட்டதும் தமிழாயின. கவாத்து என்ற சொல்லுக்கு மட்டும் அதில் நான்கு பதிவுகள்.

உங்கள் துறை அலமாரிகளில் இத்தகைய குறுவட்டுகள் இருந்தால், ஆண்டிறுதிக் கழிவில் தள்ளுமுன் எனக்கு எழுதுங்கள். நகலெடுத்து, ஓடச் செய்து திருப்பி அனுப்புகிறேன். விளையாட்டானாலும் சரி.